மூன்றாம் தரம் கூப்பிட்டால்தான்

திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான சல்லியில் சுலோஜனாவைத் தேடிப் போகிறவர்கள் வேலிப் படலையடியில் நின்று முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். ஒருதரம் கூப்பிட்டால் அவள் வரமாட்டாள். இரண்டாம் தரத்துக்கும் வரமாட்டாள். மூன்றாம் தரமும் கத்தினால்தான் குசினிக்குள்ளிருந்து, "ஓம், வாறன், என்னத்துக்கு ஊரைக் கூட்டுறீங்கள்?" என்று குரல் வரும். குரலுக்குப் பின்னால் மாவு அப்பிய கையோடு அவளும் வருவாள். தபால்காரர் கெட்டிக்காரர். மூன்று கூப்பாட்டையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டு வேலியில் கடிதத்தைச் செருகிவிட்டுப் போய்விடுவார். ஒருமுறை கிளினிக் பிள்ளைகள் வந்து, அவளுக்குக் காது மந்தம் என்று பெயர் பதிந்துகொண்டு போனார்கள். அவளுக்கா காது மந்தம்? அடுத்த வளவில் தேங்காய் விழுந்தால் எந்த மரத்திலிருந்து விழுந்தது என்று குசினிக்குள் இருந்தே சொல்லக்கூடியவள்.

காரணம் ஊருக்குத் தெரியும். பேய் ஒருதரம்தான் கூப்பிடும், மனிதர்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்பது அந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் பால்குடி மறக்க முன்னரே சொல்லிக் கொடுக்கிற பாடம். விளக்கு வைத்த பிறகு கடல் பக்கத்திலிருந்து உன் பெயர் கேட்டால் வாயைத் திறக்காதே. இரண்டாம் தரம் கேட்கிறதா என்று பொறுத்துப் பார். மூன்றாம் தரமும் கேட்டால் போ. மற்றவர்கள் இதைப் பொழுது பட்ட பிறகுதான் பார்ப்பார்கள். சுலோஜனா பட்டப்பகலிலும் பார்க்கத் தொடங்கியது புருஷன் போன பிறகு. அதனால் இதை வைத்துச் சிரிக்கிறவர்களும் அவளுக்கு முன்னால் சிரிப்பதில்லை.

அவள் புருஷன் கதிரவேல் கைதூண்டில்காரன். தனியாகவே வள்ளத்தில் போவான், தனியாகவே வருவான். இருவருக்கும் பிள்ளையில்லை. அவன் கடலுக்குப் போக, அவள் உப்புவெளி விடுதிகளுக்குக் காலையும் மாலையும் இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். ஒருவர் மீன் நாற்றத்தோடும் மற்றவர் மாவு வாசத்தோடும் ஒரே பாயில் படுத்து, சண்டை பிடித்து, சமாதானமாகி, நல்லபடியாகத்தான் குடித்தனம் நடந்தது. கதிரவேல் வீட்டில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "இஞ்சாரும்" என்பான். அவளுக்கு அதுதான் பெயர்.

அது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிற சோளகக் காற்றுக் காலம். விளக்கு வைக்கிற நேரம். சுலோஜனா குசினி யன்னலடியில் நின்று இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். கரைக்கு நேரே கடலுக்குள் கறுத்தப்பார் என்று ஒரு கற்பார், ஒரு பாறைத் திட்டு, இருக்கிறது. அந்தப் பாருக்கு மேலே ஒரு வெளிச்சம் நின்றது. மீன்பிடிப் போட்டின் லாம்பு என்றால் அலையோடு ஆடும். இது ஆடவில்லை. வெள்ளையாக, சத்தமில்லாமல், எதிலும் தொங்காமல் நின்றது. அவள் இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குரல் வந்தது.

"சுலோ!"

ஒரே தரம். அவள் பொறுத்துப் பார்த்தாள். மா உரலுக்குள் இறுகிப்போகும் வரை பொறுத்தாள். இரண்டாம் தரம் வரவில்லை. யன்னலைச் சாத்தினாள், கதவைச் சாத்தினாள், சாமித்தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தாள். அடுத்த நாள் குச்சவெளிப் போட்டுக்காரர் நடுக்கடலில் கவிழ்ந்து மிதந்த கதிரவேலின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தார்கள். கதிரவேல் கிடைக்கவில்லை.

அவள் ஒளிக்கவில்லை. செத்த வீட்டிலேயே எல்லோருக்கும் சொன்னாள். கதிரவேலின் தமையன் பாக்கியரத்தினம் மீனவர் சங்கத் தலைவர். அந்தக் கரையில் அவர் சொல்வதுதான் சொல். அவர் அவளுடைய தலையில் கைவைத்துச் சொன்னார்: "நல்லகாலம் நீ வாய் திறக்கேல்ல. திறந்திருந்தா உன்னையும் கொண்டு போயிருக்கும். சோளகத்துக்கு எதிரா மனிசக் குரல் கரைக்கு வராது பிள்ளை. வந்தது அது. என்ர தம்பி உன்னை எப்ப பேர் சொல்லிக் கூப்பிட்டவன்?"

இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டுதான் சுலோஜனா அதற்குப் பிறகு உயிரோடு இருந்தாள். கூப்பிட்டது பேய் என்றால் அவள் தப்பிப் பிழைத்தவள். கூப்பிட்டது கதிரவேல் என்றால், கரையில் இத்தனை வள்ளம் கிடக்க, கூப்பிட்டால் ஓடிவர இத்தனை ஆம்பிளைகள் இருக்க, யன்னலைச் சாத்தி அவனைக் கடலுக்குக் கொடுத்தவள். நடுவில் வேறொரு இடம் இல்லை. பேய்க்குப் பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அது பேயாகவே இருக்கவேண்டும் என்று கும்பிட்டவள் இவள் ஒருத்திதான்.

வெளிச்சம் அதற்குப் பிறகும் வந்தது. சோளகம் தொடங்கினால் ஒருவர் இல்லை என்றால் ஒருவர் கண்டோம் என்பார்கள். கதை நிலாவெளி விடுதிகளுக்குப் போய், அங்கிருந்து கைபேசிகளுக்குப் போய், கடைசியில் சாரங்கனைக் கொண்டுவந்து படலையடியில் நிறுத்தியது.

சாரங்கன் பாலையூற்றில் பிறந்து, சின்ன வயதில் கனடாவுக்குப் போனவன். வானத்தில் தெரியும் விளங்காத வெளிச்சங்கள், ஆளில்லாத இடத்தில் கேட்கும் குரல்கள், இவற்றைக் கண்டவர்களையும் கேட்டவர்களையும் தேடிப்போய், அவர்கள் சொல்வதைப் படம் பிடித்து இணையத்தில் போடுவதுதான் அவனுடைய வேலை. மூன்றுதரம் கூப்பிட வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முறையாகக் கூப்பிட்டான். அதிலேயே சுலோஜனாவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவன் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டான். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் சொல்வதை முழுக்கக் கேட்டான். கேட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மனிசர்தான் அன்ரி உண்மையான கருவி. மற்றக் கருவியெல்லாம் பற்றறி முடிஞ்சா நிண்டிடும். கண்டவை சொல்லுறதை நம்பாட்டி, இதைப்பற்றி ஒண்டுமே அறிய ஏலாது," என்றான். பிறகு அவளுக்குத் தேவையானதைச் சொன்னான். வெளிச்சமும் குரலும் ஒன்றுதான், அது ஆட்களைக் கொண்டுபோகிறது, கொண்டுபோன ஆளின் குரலை எடுத்து அடுத்த ஆளைக் கூப்பிடுகிறது. "அது உங்கட அவற்ர குரலைக் கடன் வாங்கினது அன்ரி. அவரில்லை அது."

அன்று அவள் அவனுக்கு வைத்த இடியப்பத்தை மூன்று பேர் சாப்பிடலாம்.

சாரங்கன் போட்ட முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவள் றிஷானா. கிண்ணியாக்காரி, பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறாள். அவளுக்கும் இந்த வெளிச்சங்களில் பைத்தியம்தான், ஆனால் பைத்தியம் வேறு மாதிரி. வந்ததும் வராததுமாக யன்னலுக்கும் கடலுக்கும் நடுவே நாடா பிடித்து அளந்தாள். சங்கக் கட்டடத்துத் தண்ணீர்த் தாங்கிக்கு மேல் கமெராவைப் பூட்டினாள். கேள்வி கேட்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். அடுப்பு எரிந்ததா, றேடியோ பாடியதா, எந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள், தலை முழுகி ஈரத்துணி கட்டியிருந்தீர்களா?

"பொலிஸ்காரன்கூட உப்பிடிக் கேக்கேல்ல மிஸ்," என்றாள் சுலோஜனா.

"கோவிக்காதீங்க அக்கா. உங்கட காதுக்கு வந்ததை நீங்க சொல்லிப்போட்டீங்க. அது அங்கயிருந்து என்னவாப் புறப்பட்டது எண்டு எனக்குத் தெரியோணும்."

இரண்டு பேரும் சுலோஜனாவின் குசினியில் ஒரே சட்டிச் சம்பலைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். கமெராவில் விழுந்த வெளிச்சங்களை றிஷானா ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்திருந்தாள். வானத்தில் வரிசையாகப் போகும் செய்மதிகள். சீனன்குடாப் பக்கம் இறங்கும் விமானங்கள். தடைசெய்த வெளிச்சம் பாய்ச்சிக் களவாக மீன்பிடிக்கிற போட்டுகள். அந்தப் போட்டுக்காரர்தான் பேய்க்கதையை ஊதிப் பெருப்பித்தவர்கள், கரையில் ஆள் நடமாட்டம் குறைந்தால் அவர்களுக்கு வசதி என்றாள். எல்லாம் கழித்தும் ஒன்று மிஞ்சியது. கறுத்தப்பாருக்கு மேலே ஆடாமல் நிற்கும் வெள்ளை வெளிச்சம். அது ஒரு நாள் கமெராவிலும் விழுந்திருந்தது.

"அப்ப இது என்ன?" என்று சாரங்கன் பாய்ந்தான்.

"தெரியாது."

"தெரியாது எண்டா, ஒத்துக்கொள்ளுங்கோவன்!"

"தெரியாது எண்டுதானே ஒத்துக்கொள்றன். தெரியாது எண்டா தெரியாதுதான். பேய் எண்டோ, வேற கிரகத்து ஆள் எண்டோ அர்த்தமில்ல. நீங்க தெரியாததுக்குப் பேர் வச்சுப்போட்டுத் தேடுறதை விட்டுடுறீங்க."

"நீங்கள் சனத்தைப் பொய்யர் எண்டு நினைச்சுக்கொண்டுதான் தேடவே வெளிக்கிடுறீங்கள்."

சுலோஜனா இரண்டு பேருக்கும் சொதி ஊற்றினாள். வாய் ஒரு பக்கமும் பேசவில்லை, மனம் முழுக்கச் சாரங்கன் பக்கம்தான் நின்றது.

அதற்குப் பிறகு றிஷானா ஒரு காரியம் கேட்டாள். குரலைப் பரீட்சித்துப் பார்க்கவேண்டும். அதே சோளகம், விளக்கு வைக்கிற அதே மம்மல் பொழுது. கிண்ணியாவிலிருந்து றம்ஸான் என்கிற மீன்பிடிகாரரைப் பிடித்திருக்கிறாள், பிள்ளைகுட்டிக்காரர், நல்ல தொண்டை. அவரோடு றிஷானாவும் வள்ளத்தில் கறுத்தப்பாருக்குப் போவாள். அவர் அங்கிருந்து கூப்பிடுவார். சுலோஜனா அன்று நின்ற யன்னலிலேயே நின்று கேட்கவேண்டும். "எப்ப கூப்பிடுவார், எத்தினை தரம் கூப்பிடுவார், என்ன சொல்லிக் கூப்பிடுவார், ஒண்டும் சொல்லமாட்டன் அக்கா. சொன்னா உங்கட காது அதையே எதிர்பார்த்துக்கொண்டு நிக்கும். கேட்டா, எதைக் கேட்டீங்க எண்டு பிறகு சொல்லுங்க. கேக்காட்டி, கேக்கேல்ல எண்டு சொல்லுங்க."

சாரங்கன் கொதித்துப்போனான். "ஒரு மனிசியின்ர துக்கத்தை எடுத்து விளையாடிப் பாக்கிறீங்களோ? இதுக்குள்ள நான் நிக்கமாட்டன்," என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்துத் திருகோணமலைக்குப் போய்விட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் சுலோஜனாவால் மறுக்க முடியவில்லை. மறுத்தால், ஏன் மறுக்கிறாள் என்று பாக்கியரத்தினம் யோசிப்பார். அவளே யோசிக்கவேண்டி வரும்.

றிஷானா சின்ன ரெக்கோடர் ஒன்றை யன்னல் படியில் வைத்துவிட்டுப் போனாள். படகு இறங்கிய சத்தம் அடங்கியதும் சுலோஜனா அந்த ரெக்கோடரை எடுத்துப் பார்த்தாள். காற்றுக்கு விழுந்துவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அரிசி வாளியைத் திறந்து, அதை அரிசிக்குள் புதைத்து, மூடியைப் போட்டு இறுக்கினாள். ஒரு கருவியை இவ்வளவு கவனமாகப் பாதுகாத்தவள் அவள்தான்.

பிறகு யன்னலில் நின்றாள். காற்று முதுகுப் பக்கமிருந்து கடலை நோக்கி அடித்தது. தென்னோலை இரைந்தது, தகரம் படபடத்தது. வேறொன்றும் இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளுடைய நெஞ்சு இளகத் தொடங்கியது. அத்தான் பாக்கியரத்தினம் சொன்னது சரி, சோளகத்துக்கு எதிராகக் குரல் வராது. அம்மாளாச்சி, நீ இருக்கிறாய் என்று நினைத்தாள். அந்த நேரம் காற்று ஒரு கணம் நின்றது. சோளகம் அப்படித்தான், அடித்து அடித்து நடுவில் ஒருக்கால் ஓயும்.

"சுலோ!"

அறைக்குள் நின்று கூப்பிட்டது போலக் கேட்டது. றம்ஸானின் குரல் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் றம்ஸானின் குரலாக அது இருக்கவில்லை. கிண்ணியாப் பேச்சும் இல்லை, வயதும் இல்லை. தண்ணீருக்கு மேலால் வந்த குரலில் ஆளுக்குரிய எல்லாம் கழன்றுபோய்ப் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. அன்றைக்குக் கேட்டதும் இப்படித்தான். அச்சாக இதேதான். காற்று மறுபடி எழும்பியது. அவள் அடுப்படியில் குந்திக்கொண்டாள்.

றிஷானா நனைந்த காலோடு வந்தபோது ரெக்கோடர் யன்னல் படியில் இருந்தது.

"கேட்டதா அக்கா?"

"இல்ல மிஸ். ஒண்டும் கேக்கேல்ல." முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

றிஷானா ரெக்கோடரைக் கையில் எடுத்துத் திருப்பினாள். அதன் வலைக்கண்ணில் ஒரு அரிசிமணி சிக்கியிருந்தது. நகத்தால் அதை எடுத்து யன்னல் படியில் வைத்தாள். "சரி அக்கா. நான் இதைக் கேக்கேல்ல எண்டு எழுதமாட்டன். தெரியாது எண்டுதான் எழுதுவன். உங்களுக்கு ஏலுமான நாள் சொல்லுங்க, திருப்பிச் செய்வம்," என்றாள். திட்டியிருந்தால் சுலோஜனா திருப்பித் திட்டி ஆறியிருப்பாள். அவள் திட்டவில்லை. கமெராவை அங்கேயே விட்டுவிட்டு, வருவதாகச் சொல்லிப் போனாள். சுலோஜனா நாள் சொல்லவேயில்லை.

சாரங்கனுக்குப் பரீட்சை வேண்டாம், ஆனால் பரீட்சையின் முடிவு வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை என்று சுலோஜனா சொன்னதும் அவளை அணைத்துக்கொண்டான். கறுத்தப்பாரிலிருந்து மனிதக் குரல் கரைக்கு வராது, இது விஞ்ஞானப்படி நிரூபிக்கப்பட்ட விஷயம், ஆகவே சுலோஜனாவுக்கு அன்று கேட்டது மனிதக் குரல் அல்ல என்று படம் போட்டான். எத்தனையோ ஆயிரம் பேர் பார்த்தார்கள். பாக்கியரத்தினம் அதைச் சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார்.

அதன் பிறகு சல்லிக் கரை மாறிப்போனது. முந்தியெல்லாம் பொழுது பட்டாலும் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் இருப்பார்கள், கதை நடக்கும், தேத்தண்ணீர் போகும். இப்போது விளக்கு வைக்க முன்னரே கடல் பக்கத்து யன்னல்கள் எல்லாம் சாத்தப்பட்டன. சிலர் பலகை வைத்து ஆணியே அறைந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தாலே அடி. களவாக மீன்பிடித்தவர்கள் பாடு கொண்டாட்டம். கொழும்பிலிருந்து வந்தவர்கள் சுலோஜனாவின் யன்னலுக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். பேய்க்குப் பதில் சொல்லாத மனிசி என்று அவளுக்குப் பெயர் வந்தது. மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவள் அந்த மரியாதையைக் கேட்டு, வீட்டுக்குள் வந்து, சோறு இறங்காமல் இருந்தாள். தான் சொன்ன ஒரு பொய்யை ஊர் முழுக்கக் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போட்டிருப்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்து என்ன செய்ய? வாயைத் திறந்தால் தான் யார் என்பது வெளியே வரும்.

அடுத்த சோளகத்துக்குச் சாரங்கன் திரும்பி வந்தான். புதுப் புது மைக்குகள், கறுப்புப் பெட்டிகள். பொழுது சாயும் நேரம் அவளுடைய குசினியில் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டிருந்தான். சுலோஜனா இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். காற்று அன்று பொல்லாத காற்று.

வெளிச்சம் வந்தது.

வந்தது என்று சொல்வதுகூடப் பிழை. பார்த்தபோது அது நின்றது. பாருக்கு மேலே, வெள்ளையாக, அசையாமல். ஒழுங்கை நெடுகக் கதவுகள் அடிபட்டுச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நாய்கள் குலைக்கவில்லை. சாரங்கன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, மைக்கை யன்னலுக்கு வெளியே நீட்டினான்.

காற்று ஓய்ந்தது.

"சுலோக்கா!"

ஒரே தரம். சாரங்கன் முகம் வெளிறி, சந்தோஷத்தில் பளபளத்தது. வாயில் விரலை வைத்து, பேசவேண்டாம் என்று காட்டினான். "கதையாதேங்கோ அன்ரி," என்று மூச்சாகச் சொன்னான். "விழுந்திட்டுது. ரெக்கோட்டில விழுந்திட்டுது. அடுத்ததுக்குப் பொறுங்கோ."

அவள் பொறுத்தாள். உடம்புக்குப் பழகிய வேலை அது, தானாகப் பொறுத்தது. காற்று எழும்பி இரைந்தது. அடுத்தது வரவில்லை. இவ்வளவும் ஏற்கெனவே நடந்தது. அதே யன்னல், அதே வெளிச்சம், கையில் அதே இடியப்ப வேலை. இனி யன்னலைச் சாத்தவேண்டும். சாத்தினால் ஊர் மெச்சும். கூப்பிட்டது பேய்தான் என்றால், பதில் சொல்கிறவளைக் கொண்டுபோகும் என்பதையும் அவள் நம்பினாள். இன்றைக்கும் நம்பினாள். ஆனாலும் தட்டை வைத்துவிட்டு யன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஓம்! கேக்குது! ஆரது? இந்தா வாறம்!"

முதல் கூப்பாட்டுக்கே அவள் பதில் சொன்னதை ஊர் அன்றுதான் கேட்டது. சாரங்கன் தலையில் கைவைத்துக்கொண்டான். கடலிலிருந்து ஒன்றும் வரவில்லை. அவள் பின்கதவால் ஓடினாள். கரையோடு கிடந்த வள்ளங்களில் எஞ்சின் பூட்டியபடி இருந்தது பாக்கியரத்தினத்தின் வள்ளம்தான். அவருடைய வீட்டு வாசலில் போய் நின்று கத்தினாள்.

"அத்தான்!"

உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை.

"அத்தான்!"

ஒருவரும் அசையவில்லை. அவளுக்கு அந்தக் கதவைப் பார்க்கத் தன்னுடைய கதவைப் பார்ப்பது போலிருந்தது.

"அத்தான்!"

மூன்றாம் தரத்துக்குத் தாழ்ப்பாள் விலகியது. பாக்கியரத்தினம் நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றார். "நீ பதில் சொன்னது எங்களுக்குக் கேட்டது. விசரி. உள்ளுக்க வா, கடலைப் பாராதை."

"பாரில ஆரோ நிக்கினம் அத்தான். வள்ளத்தை இறக்குங்கோ."

"சோளகத்துக்கு எதிராக் குரல் வராது. நீதானே கேக்கேல்ல எண்டு சொன்னனி."

"நான் பொய் சொன்னனான்." அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டாள். "அண்டைக்கு றம்ஸான் பாரில நிண்டு கூப்பிட்டது எனக்குக் கேட்டது. வடிவாக் கேட்டது. ரெக்கோடரை அரிசிக்குள்ள தாட்டுப்போட்டு, கேக்கேல்ல எண்டு சொன்னனான். முதல் கேட்டதும் உதே குரல்தான். அது பேய் இல்லை அத்தான். உங்கட தம்பிதான் என்னைக் கூப்பிட்டவர். நான்தான் யன்னலைச் சாத்தினனான்."

அவளை அடிப்பார் என்றுதான் அவள் நினைத்தாள். அடித்திருந்தால் வாங்கியிருப்பாள். அவர் அவளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். அவர் ஓடுவதைக் கண்டு மற்றக் கதவுகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெளிச்சம் இன்னும் பாருக்கு மேலே நின்றது. பேய் நிற்கிற இடத்தை நோக்கித்தான் வள்ளத்தைத் தள்ளுகிறோம் என்று தெரிந்தே தள்ளினார்கள்.

சுலோஜனா முழங்கால் தண்ணீரில் நின்றாள். எஞ்சின் சத்தம் தேய்ந்துபோய், நெடுநேரம் கழித்து மறுபடி வந்தது. எப்போது அந்த வெளிச்சம் இல்லாமல் போனது என்று கரையில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை.

வலைக் குவியலுக்கு மேல் றம்ஸானைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது. கண் உப்பில் வீங்கி, உதடு வெடித்து, எண்ணெய்க் கான் ஒன்றை இன்னும் கட்டிப்பிடித்தபடி இருந்தார். மீன்பிடிக்க வந்த இடத்தில் நங்கூரக் கயிறு பாரில் சிக்கி, இழுக்கப் போய் வள்ளம் புரண்டுவிட்டதாம். கரையில் அவருக்குத் தெரிந்த வீடு சுலோஜனாவின் வீடு ஒன்றுதான். சுலோஜனா தன் சேலைத் தலைப்பால் அவருடைய முகத்தைத் துடைத்து, யாரோ கொண்டுவந்த வெறுந்தேத்தண்ணீரைப் பருக்கினாள்.

சாரங்கன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தான். "அண்ணை, அந்த வெளிச்சம். உங்களுக்கு நேர மேலதானே நிண்டது. என்ன அது?"

றம்ஸான் அவனை விளங்காமல் பார்த்தார். "என்ன வெளிச்சம்? கையும் தெரியாத இருட்டில கிடந்த நான்."

சாரங்கனின் கையில் பெட்டி சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்த மறந்துபோனான்.

றம்ஸான் சுலோஜனாவின் கையைப் பிடித்தார். குரல் கிழிந்துபோயிருந்தது. "பொழுது சாய முன்னயே புடிச்சிக் கத்தின நான் அக்கா. தொண்டையில ரத்தம் வந்திட்டு. ஊரில ஒருத்தருக்கும் கேக்கல்லியா?"

"எனக்குக் கேட்டது," என்றாள் அவள். "ஒருக்காத்தான் கேட்டது." பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டாள். "எத்தினை தரம் கூப்பிட்டனீங்கள்?"

"அதையெல்லாம் ஆரு எண்ணுற? சாகப்போறவன் எண்ணிக்கிட்டா கூப்பிடுவான்?"

பாக்கியரத்தினம் வள்ளத்து விளிம்பைப் பிடித்தபடி மெல்ல மணலில் இருந்தார். அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கியது. கதிரவேலும் ஒருதரம் கூப்பிடவில்லை. பொழுது பட்டு, இருட்டி, தொண்டை போகும்வரை கூப்பிட்டிருக்கிறான். காற்று ஓய்ந்த ஒரு கணத்தில் அவள் பெயர் ஒன்று மட்டும் கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மிச்சத்தைச் சோளகம் கொண்டுபோய்விட்டது. இனி அவள் காதில் அவன் கூப்பிடுவது நிற்கப்போவதில்லை.

சுலோஜனா றம்ஸானின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு எழும்பினாள். தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவில் நின்று, ஒன்றும் தெரியாத கறுத்தப்பார்ப் பக்கம் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "கேக்குது."

விளக்கு வைத்த பிறகு கடலுக்குப் பதில் சொல்லக்கூடாது என்று அன்று யாரும் அவளைத் தடுக்கவில்லை.